14 ஆண்டுகள் காத்திருந்த காதலியா? எம்மெட் டால்டன் கதையில் ஒரு பொய்

உடலில் 23 துப்பாக்கிக் காயங்களோடு உயிர் பிழைத்து, ஆயுள் தண்டனை பெற்று, 14 ஆண்டுகளுக்குப் பின் விடுதலையாகி, தனக்காகவே காத்திருந்த காதலியை மணந்துகொண்ட ஒரு கொள்ளைக்காரனின் கதை இது. இப்போது நான் சொன்னவற்றுள் ஒன்று மட்டும் மெய்யல்ல. அது எது என்று ஊகித்து, கருத்துப் பெட்டியில் இப்போதே எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவின் டால்டன் சகோதரர்கள் முதலில் சட்டத்தின் பக்கம் நின்றவர்கள். பின்னர் குதிரைத் திருட்டு, ரயில் கொள்ளை என்று தடம் மாறினார்கள். முன்கதைக்கு இது போதும்.

[திரையில்: கான்சஸ் மாநிலம், காஃபிவில், 1892 அக்டோபர் 5]

ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிப்பது என்று பாப், கிராட், எம்மெட் ஆகிய மூன்று சகோதரர்களும் கூட்டாளிகள் இருவரும் முடிவு செய்தார்கள். தங்களை நன்கு அறிந்த ஊர் என்பதால் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று நம்புகிற அதே மாறுவேட சாஸ்திரம்தான்! தெருவில் கால் வைத்ததுமே ஒருவர் அவர்களைக் கண்டுகொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. காண்டன் வங்கியில் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி கிராட் துப்பாக்கியை நீட்டியபோது, காசாளர் சார்லஸ் பால் சற்றும் பதறாமல், அதன் நேரப்பூட்டு 9:45 மணிக்குத்தான் திறக்கும் என்றார். உண்மையில் அது காலையிலேயே திறந்துவிட்டிருந்தது. கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். கிராட் இழுத்துப் பார்க்கவில்லை, காத்திருந்தார். அந்த இடைவெளியில் ஊர் மக்கள் இரும்புக்கடையிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். சில நிமிடச் சண்டையில் ஊர்க்காரர்கள் நால்வரும் கொள்ளையர் நால்வரும் மாண்டார்கள்.

21 வயது எம்மெட் குதிரையேறிவிட்டார், தப்பியிருக்கலாம். ஆனால் வீழ்ந்துகிடந்த அண்ணன் பாபைத் தூக்கிச் செல்லத் திரும்பி வந்து, அங்கேயே சுடப்பட்டார். அவர் திருந்தியது சிறையில் என்பார்கள். என்னைக் கேட்டால், குதிரையைத் திருப்பிய அந்த நொடியிலேயே அது தொடங்கிவிட்டது.

லான்சிங் சிறையிலிருந்து 1907இல் ஆளுநரின் மன்னிப்பு பெற்று வெளியே வந்தவர், 1908இல் ஜூலியா ஜான்சனை மணந்தார். இத்தனை ஆண்டுகளும் ஜூலியா தமக்காகக் காத்திருந்தார் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

அதுதான் பொய். இடைப்பட்ட காலத்தில் ஜூலியா வேறொருவரை மணந்திருந்தார். கணவர் எர்னஸ்ட் லூயிஸ் 1907இல் பார்ட்ல்ஸ்வில் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை அறிந்தபின் எனக்கு ஜூலியா மீது மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஜன்னலோரம் நின்று வழிபார்க்கும் கன்னியைக் காட்டிலும், துப்பாக்கி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அனுபவித்து அறிந்தும் ஒரு முன்னாள் கொள்ளையனின் கையைப் பற்றிய கைம்பெண் அல்லவா துணிச்சல்காரர்? எம்மெட் எதற்காக இதை மறைத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பின்னர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, வீடு கட்டும் தொழில் செய்து, 1918இல் ஒரு திரைப்படத்தில் எம்மெட் டால்டனாகத் தாமே நடித்து, 1937இல் காலமாகும்வரை அவர் மீண்டும் கொள்ளைப் பக்கம் போகவேயில்லை. 1931இல் ஜூலியாவுடன் காஃபிவில்லுக்கே வந்தார். ஒரு காலத்தில் அவரைத் தூக்கிலிடத் துடித்த ஊர், அப்போது அவரை வரவேற்றது. உங்கள் ஊகம் சரியா தவறா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.