தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இரண்டு?

[திரையில்: உலக வரைபடம். நியூயார்க்கையும் லண்டனையும் இணைக்கும் கோடு]

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 5,540 கி.மீ. இந்தத் தூரம் மாறாது. ஆனால் பயண நேரம்? லண்டன் போக ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்பி வர 8 மணி நேரம். ஏன் இந்த வித்தியாசம்?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தட்டையான வரைபடத்தில் இந்த வழி வடக்கே வளைந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கமாகப் போவதுபோல் தெரியும். சுற்றுவழி என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு நகரங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலும் அந்தப் பக்கம்தான் போகும். அதுதான் மிகக் குறுகிய வழி.

[திரையில்: மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றுப் பட்டை]

இனி நேரம். பூமியிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று ஓடுகிறது. பயணிகள் விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். ஆற்றில் போகும் படகு மாதிரி, கிழக்கே போனால் காற்று தள்ளிக்கொண்டு போகும். மேற்கே போனால் எதிர்த்து நிற்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே மணிக்கு 1,000 கி.மீ. வேகம், சுமார் 5 மணி 32 நிமிடம். மேற்கே 800தான், சுமார் 6 மணி 56 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது! காற்றே இல்லையென்றால் போகவர 12 மணி 19 நிமிடம்தான். காற்று இருந்தால் 12 மணி 28 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் வரும் நஷ்டம் இது.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று இதே வழியை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,060தான். அப்படியானால் ஒலியை முந்திவிட்டதா? இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சில சமயம் குறுகிய வழியே கிடைக்காமல் போகும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 9½ மணியிலிருந்து 13 மணி நேரமாக நீண்டது.

[திரையில்: கேட்டிலிருந்து பின்னோக்கி நகரும் விமானம்]

அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. ஒரு கேட்டிலிருந்து விமானம் நகர்ந்து, மறு கேட்டில் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்குப் போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். நீங்களாகக் கணக்கிட்டால், தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். ஓரளவு நெருங்கி வரும். மேற்கே போகும் நீண்ட பயணம் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.