நாலு மணி நேர ஆட்டம், மூன்று நிமிட ஸ்விங்

[திரையில்: பந்து இருக்கும் இடத்தை நோக்கித் தனியாக நடந்து போகும் ஆட்டக்காரர்]

வணக்கம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோல்ஃபில் 18 ஹோல் (குழி), அதாவது ஒரு ரவுண்டு, ஆடி முடிக்க நாலு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். ரவுண்டை 90 ஷாட்டில் முடிக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்விங்குக்கு, அதாவது மட்டையைச் சுழற்றி அடிக்க, இரண்டு வினாடி கூட ஆகாது. எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. மிச்ச நேரமெல்லாம் நடை, காத்திருப்பு, அப்புறம் மண்டைக்குள் ஓடும் பேச்சு. "அந்தத் தண்ணியில போட்டிருக்கக் கூடாது", "இன்னும் மூணு பார் எடுத்தா போதும்" (பார் என்றால் ஒரு ஹோலுக்கு வகுத்திருக்கும் ஷாட் எண்ணிக்கை). பல பேருடைய ஆட்டம் கெடுவது இந்தப் பேச்சில்தான்.

அதனால் ரவுண்டு முழுக்கக் கவனம் சிதறாமல் இருங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால், தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது யாராலும் ஆகாது. ஷாட்டுக்கு முன்னால் அரை நிமிடம் முழுசாக உள்ளே வரவேண்டும், ஷாட் முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும். நடக்கும்போது கூட ஆடுகிறவரோடு அரட்டை அடிக்கலாம், மரத்தை வேடிக்கை பார்க்கலாம்.

[திரையில்: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்க்கும் காட்சி]

அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கவேண்டும்? பந்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். தூரம், காற்று, பந்து கிடக்கும் விதம், எந்த கிளப் (மட்டை) என்று யோசிக்க வேண்டியதையெல்லாம் இங்கேயே யோசித்து முடித்துவிடுங்கள். இலக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. "கிரீன் பக்கமா" (கிரீன் என்பது குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) என்று அடித்தால் மனசும் பக்கவாட்டில்தான் போகும். கிரீனுக்குப் பின்னால் தெரியும் மரத்தின் இடது கிளை என்று குறிவையுங்கள். அதே கோட்டில், பந்துக்கு ஓரிரு அடி முன்னால் காய்ந்த புல்லோ பழைய டிவட்டோ (கிளப் பட்டுப் புல் பெயர்ந்த தடம்) இருந்தால் அதையும் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் கடைப்பிடித்த வழி இது. தூரத்து மரத்துக்கு கிளப் முகத்தை நேராக வைப்பதைவிட, காலடியில் தெரியும் புல்லுக்கு நேராக வைப்பது எளிது.

மூச்சை ஒரு தடவை மெதுவாக வெளியே விடுங்கள். பந்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, இலக்கை ஒரு முறை பார்த்து, அடித்துவிடுங்கள். தடையில்லாமல் ஆட முடிகிற நிலை வந்த பிறகு 40 வினாடிக்குள் அடித்துவிடும்படி 2019-இல் வந்த கோல்ஃப் விதிகளே பரிந்துரைக்கின்றன. பழகிவிட்டால் அதில் பாதி நேரம் கூடத் தேவைப்படாது.

அடிக்கும் நேரத்தில் முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று ஆராயாதீர்கள். சயன் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சட்டென்று பட் செய்யச் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டச்) சொன்னபோது அவர்களுடைய துல்லியம் கூடியது. புதியவர்களுக்கோ நிதானம்தான் கைகொடுத்தது. கை தானாகச் செய்யப் பழகிவிட்ட வேலையை உட்கார்ந்து கண்காணித்தால் அது தடுமாறும். நீங்கள் புதியவர் என்றால் ஒரே ஒரு நினைப்பு வைத்துக்கொள்ளலாம், ஏழு வேண்டாம்.

[திரையில்: தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியும் கிரீன்]

சரி, தன்னம்பிக்கை. இதைக் கண்ணாடி முன் நின்று வளர்க்க வேண்டியதில்லை, கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில் வளர்க்கலாம். தண்ணீரைத் தாண்ட 150 யார்டு வேண்டும். உங்கள் 7 அயர்ன் என்றோ ஒரு நாள் 150 போயிருக்கிறது, வழக்கமாகப் போவது 135 என்றால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு "என்னால் முடியும்" என்று எத்தனை தடவை சொன்னாலும் உடம்பு நம்பாது. இன்னும் தூரம் போகும் 5 அயர்னை எடுங்கள். அதுவும் சந்தேகமென்றால் தண்ணீருக்கு முன்னால் போட்டு, அடுத்த ஷாட்டில் கிரீனுக்குப் போங்கள். பத்தில் ஏழு தடவை வருகிற ஷாட்டை ஆடும்போது கை நடுங்காது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எட்டு அடி தூர பட் ஷாட்டை, அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதி தடவைதான் உள்ளே போடுகிறார்கள். கிரீனை உரிய ஷாட்டுகளுக்குள் தொடுவதிலும், மூன்றில் ஒரு முறை தவறிவிடுகிறார்கள். அவர்கள் கதையே இப்படி என்றால் நமக்கு ஏன் முகம் சுருங்க வேண்டும்?

மோசமான ஷாட் அடித்தால் கோபம் வரும், வரட்டும். அதற்கு ஒரு எல்லை மட்டும் வையுங்கள். கிளப்பைத் துடைத்துப் பையில் செருகும்வரை திட்டிக்கொள்ளலாம், செருகியதும் விஷயம் முடிந்தது.

2025 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில், 18-ஆவது கிரீனில் ஏறக்குறைய ஐந்து அடி தூர பட் ஷாட்டை ரோரி மெக்கில்ராய் தவறவிட்டார். அது விழுந்திருந்தால் பட்டம் அங்கேயே அவருடையது. சமநிலையை முறிக்க ஆடும் பிளேஆஃபுக்காக மறுபடி 18-ஆவது ஹோலின் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு) போகும்போது, "திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமையைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்போமே" என்ற பொருளில் அவருடைய கேடி (பையைச் சுமந்து கூடவே வரும் துணையாள்) ஹாரி டயமண்ட் சொல்லியிருக்கிறார். சில நிமிடத்தில் அதே ஹோலில் மெக்கில்ராய் பந்தைக் குழிக்குச் சில அடி பக்கத்தில் நிறுத்தி, பர்டி (பாரைவிட ஒரு ஷாட் குறைவு) போட்டு, ஜஸ்டின் ரோஸை ஜெயித்தார். நல்ல கேடி பக்கத்தில் இல்லாதபோது அந்த வாக்கியத்தை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்கோரை நடுவில் கூட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீரும் கொஞ்சம் தீனியும் பையில் இருக்கட்டும். கடைசி ஐந்து ஹோலில் சிதறுவது பல நேரம் வெறும் பசிதான்.

[திரையில்: குழிக்கு மூன்றடி தள்ளி நிற்கும் பந்து]

இன்னொன்று, குட்டி பட். 1970 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் கடைசி கிரீனில், டக் சாண்டர்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு ஜெயிக்க மூன்றடிக்கும் குறைவான ஒரு பட் மிச்சம் இருந்தது. பந்துக்கு மேல் குனிந்து நின்றவர், கோட்டில் ஏதோ கிடப்பதாக நினைத்து, நின்ற இடத்தைவிட்டு நகராமலேயே கையை நீட்டி அதை எடுக்கப் பார்த்தார். அது காய்ந்த புல். அப்படியே பட் செய்தார், பந்து வலது பக்கம் நழுவியது. மறுநாள் பிளேஆஃபில் நிக்லஸ் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மாதிரி நேரத்தில் கூச்சப்படாமல் பின்னால் வாருங்கள். கோட்டைப் பாருங்கள், மூச்சை விடுங்கள், மறுபடி உள்ளே போங்கள். பின்னால் காத்திருக்கிறவர்கள் பத்து வினாடி காத்திருப்பார்கள்.