விடுப்பில் வந்து விம்பிள்டனை வென்ற தோட்டத்துரை

நேயர்களுக்கு வணக்கம். விம்பிள்டன் டென்னிஸ் போட்டி தொடங்கியது 1877-இல். மறு ஆண்டே பட்டத்தைத் தட்டிச் சென்றவர், இலங்கையில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துரை. பெயர் பிராங்க் ஹாடோ, வயது 23. விடுப்பில் லண்டனுக்குப் போனவர், அப்படியே போட்டிக்கும் பெயர் கொடுத்தார். அப்போது டென்னிஸ் யாருக்கும் பிழைப்பு அல்ல, வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு.

அன்றைய விதிப்படி, பழைய சாம்பியன் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும். மற்றவர்களை எல்லாம் ஜெயித்து வருபவர் அவரோடு மோத வேண்டும். அப்படிக் காத்திருந்தவர் ஸ்பென்சர் கோர். வலையருகே ஓடிவந்து, பந்து தரையில் படும் முன்பே தட்டிவிடுவது அவர் பாணி. சரி, அவருக்குப் பக்கவாட்டில் அடித்துத் தாண்டலாமே என்று கேட்பீர்கள். அதில்தான் சிக்கல். வலை நடுவில் 3 அடி உயரம். ஓரக் கம்பங்களிலோ நாலே முக்கால் அடி! இன்று அங்கே மூன்றரை அடிதான். ஓரமாக வேகமாக அடித்தால் பந்து வலையில் மாட்டிக்கொள்ளும்.

ஹாடோ பந்தை உயரத் தூக்கி, கோரின் தலைக்கு மேலே அனுப்பினார். அது பின்கோட்டுப் பக்கம் போய் விழும். கோர் திரும்பி ஓட வேண்டும். இன்று லாப் என்கிறோமே, அதேதான். 7-5, 6-1, 9-7 என்று முடிந்தது ஆட்டம். அந்தப் போட்டி முழுவதிலும் ஹாடோ ஒரு செட் கூட இழக்கவில்லை. பலத்தைவிட யோசனையால் கிடைத்த வெற்றி என்பதால் எனக்கு இவர்மேல் தனி மதிப்பு.

அப்புறம் அவர் இலங்கைக்கே திரும்பிவிட்டார். 1879-இல் பட்டத்தைக் காக்கக்கூட வரவில்லை. ஆனால் துரைமாரின் ஓய்வும் விளையாட்டும் யார் உழைப்பில் வந்தன? அன்றைய காப்பித் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஏழைகள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களைச் சொல்லாமல் ஹாடோவை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1869-இல் தலைகாட்டிய இலைநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பியையே அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. பறிக்கும் கைகள் அதே கைகள்தான்.

ஹாடோ மறுபடி விம்பிள்டனுக்கு வந்தது 1926-இல், பொன்விழாவுக்கு. 71 வயதில், ராணி மேரியின் கையால் நினைவுப் பதக்கம் பெற்றுக்கொண்டார். வணக்கம்.