செட்டிநாடு ஹோட்டலுக்கு கூட்டமா போறீங்களா? ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இத பாத்துட்டு போங்க

[காட்சி: பின்கட்டு, அம்மிக்கல், பக்கத்துல முறத்துல மசாலா சாமான்]

வணக்கம் மக்களே, இப்ப நான் உக்காந்திருக்குறது காரைக்குடியில எங்க வீட்டு பின்கட்டுல, பின்னாடி தெரியுதுல்ல அது எங்க அப்பத்தாவோட அம்மி. நான் வேலை பாக்குறது சென்னையில, ஓஎம்ஆர் பக்கம், லீவு கெடச்சா ஊருக்கு ஓடி வந்துட்டு திரும்ப விடிகாலையில பல்லவன் எக்ஸ்பிரஸ் புடிச்சு எழும்பூர்ல எறங்குற ஆளு. டீம்ல யாருக்கு பர்த்டே வந்தாலும், யாரு வேலைய விட்டு போனாலும், "நீ காரைக்குடிதானே, நல்ல செட்டிநாடு ஹோட்டலா சொல்லு"ன்னு நேரா என்கிட்டதான் வருவாங்க. வீட்டாளுங்க சென்னைக்கு வந்தாலும் அதே கேள்விதான். ஹோட்டல் பேரு சொல்றது ஈசி, ஆனா போய் உக்காந்து என்ன சொல்றோம், எப்படி சொல்றோங்குறதுலதான் பாதி விஷயமே இருக்கு, அதத்தான் இன்னைக்கு பேசப்போறேன்.

மொதல்ல ஒரு சம்பவம். போன வருஷம் அப்பத்தாவ கண்ணு காட்டுறதுக்காக சென்னைக்கு கூட்டிட்டு வந்திருந்தோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒம்போது பேரு ஒரு செட்டிநாடு ஹோட்டலுக்கு போனோம், பேரு வேணாம். ஒன்றரை மணிக்கு போனதுனால முக்கால் மணி நேரம் வெளியவே நின்னோம், அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சேர் கேட்டு வாங்கி போட்டோம். உள்ள போன வேகத்துல ஆளுக்கொண்ணா ஆர்டர் பண்ணிட்டோம், தம்பி சிக்கன் கிரேவி, எங்க வீட்டுக்காரர் மட்டன் மசாலா, சித்தி இறால், சித்தப்பா நாட்டுக்கோழின்னு. எல்லாம் வந்துச்சு, ஆறு கிண்ணம், ஆறும் அதே செவப்பு. அப்பத்தா தோசைய பிச்சு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தொட்டு சாப்பிட்டாங்க, மூணாவது கிண்ணத்துல கைய நிறுத்திட்டு, "ஏத்தா, எல்லாத்துலயும் ஒரே குழம்பாவுல இருக்கு"ன்னாங்க.

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. கூட்டம் அள்ளுற பெரிய கிச்சன் நெறைய எடத்துல, வெங்காயம் தக்காளி முந்திரி போட்டு ஒரு அடிப்படை கிரேவிய காலையிலயே மொத்தமா பண்ணி வச்சிருவாங்க, ஆர்டர் வந்ததும் அதுல சிக்கன போட்டு கொதிக்க வச்சா சிக்கன், இறால போட்டா இறால், பன்னீர போட்டா பன்னீர். அஞ்சு நிமிஷத்துல நாப்பது டேபிளுக்கு போகணும்னா அவங்களுக்கும் வேற வழி இல்ல, அத நான் குத்தம்னு சொல்லல. ஆனா நாம ஒம்போது பேரு சேர்ந்து போய் ஒரே குழம்ப ஆறு பேர்ல வாங்கி காசு குடுக்குறது எதுக்கு?

இதுக்குத்தான் நான் சொல்ற முறை. ஆளுக்கொரு ப்ளேட்டுன்னு யோசிக்காதீங்க, மொத்த டேபிளுக்கும் ஒரே ஒரு இலை போட்டிருக்குன்னு நெனச்சுக்கோங்க. செட்டிநாட்டு சாப்பாடு பந்திக்குன்னு அமைஞ்ச சாப்பாடு, ஒரு இலையில தண்ணியா ஒண்ணு, கெட்டியா ஒண்ணு, வறட்டுனாப்புல ஒண்ணு, புளிப்பா ஒண்ணு, கடைசியா இனிப்பா ஒண்ணு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அந்த இலைய அப்படியே டேபிள் மேல பரப்பி பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ருசி மோதாம வரும்.

[காட்சி: உள்ளங்கையில கல்பாசி, ரொம்ப கிட்டத்துல]

இத பாருங்க, இது கல்பாசி. பாறையிலயும் மரத்துலயும் படருற பாசி மாதிரி ஒண்ணு, காய வச்சா இப்படித்தான் சுருண்டு போன மரப்பட்டை கணக்கா இருக்கும், ஒரு பக்கம் கருப்பு, இன்னொரு பக்கம் சாம்பல். கையில வச்சு மோந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா நல்லெண்ணெய் காஞ்சதும் பட்டை, கிராம்பு, சோம்போட இதையும் ஒரு சிட்டிகை போட்டீங்கன்னா, மழை பேஞ்ச மண்ணும் புகையும் கலந்தாப்புல ஒரு வாசம் கெளம்பி தெருவுல போறவங்க திரும்பி பாப்பாங்க. செட்டிநாட்டு சமையலோட உயிரு இந்த வாசம்தான், காரம் கெடையாது. செட்டிநாடுன்னா நாக்கு எரியணும்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க, எனக்கு அதுல உண்மையிலேயே வருத்தம் இருக்கு, ஏன்னா அந்த ஒரு பேரால எத்தன பேரு ருசியே பாக்காம பயந்து ஒதுங்குறாங்க தெரியுமா.

இந்த வாசம் உங்க தட்டுல வரணும்னா ரெண்டு வகையத்தான் நம்பி கேக்கணும். ஒண்ணு, மீல்ஸோட வர்ற குழம்பு, அது பெரிய அண்டாவுல காலையில இருந்து கொதிக்கிறது, எலும்புச் சாறெல்லாம் எறங்கியிருக்கும், அதுக்குன்னு அரைச்ச மசாலா போட்டிருப்பாங்க. ரெண்டு, அப்பவே சட்டியில போட்டு பெரட்டி குடுக்குற ஐட்டம், மிளகு வறுவல், சுக்கா, காடை, உப்புக்கறி இந்த மாதிரி. நடுவுல கிண்ணத்துல வர்ற கிரேவி வகை ஒண்ணே ஒண்ணு போதும். உப்புக்கறி மெனுல இருந்தா விடாதீங்க, கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய், அவ்வளவுதான் சாமானே, மசாலாப் பொடி வாசமே இருக்காது, கறியோட ருசி மட்டும் நிக்கும். வீட்டுல செய்யும்போது வரமிளகாய கிள்ளி விதைய உதறிட்டுத்தான் போடுவாங்க, அதனால பாக்கத்தான் செவப்பா பயமுறுத்தும்.

காரத்துக்கு பயப்படுற ஆளு டேபிள்ல இருந்தா இத சொல்லி வைங்க, மிளகாய் காரம் நாக்குலயே சுள்ளுன்னு ஏறும், மிளகு காரம் முழுங்குன அப்புறம் தொண்டையில கதகதப்பா எறங்கும், அதனால பயந்தவங்களுக்கு மிளகு ஐட்டம்தான் பொருந்தும். காரம் ஏறிடுச்சுன்னா தண்ணி குடிச்சு பிரயோஜனம் இல்ல, மிளகாயில இருக்குற காரச்சத்து தண்ணில கரையாது, மோரோ தயிரோ கேளுங்க, பால்ல இருக்குற புரதம்தான் அத இழுத்துக்கும்.

சரி, இப்ப ஆபீஸ் கூட்டம். எங்க டீம்ல பதினோரு பேரு, அதுல ஒரு பையன் லக்னோ, ரெண்டு பேரு கேரளா, மைலாப்பூர்ல இருந்து வர்ற அக்கா ஒருத்தங்க சுத்த சைவம். ஒவ்வொரு தடவையும் அந்த அக்காவுக்கு கெடைக்கிறது பன்னீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும்தான், செட்டிநாடு ஹோட்டல்ல உக்காந்து மஞ்சூரியன் சாப்பிடுறத பாக்க எனக்கு மனசே கேக்காது. இத எல்லாருக்கும் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன், நகரத்தார், அதாவது செட்டிநாட்டு செட்டியாருங்க, அவங்க வீட்டு கல்யாணப் பந்தி சைவப் பந்திதான். சைவத்துல அவ்வளவு இருக்கு இங்க. வெண்டைக்காய் மண்டின்னு ஒண்ணு, அரிசி கழுவுன ரெண்டாவது தண்ணிய எடுத்து வச்சு அதுல புளி கரைச்சு, வெண்டைக்காய், மொச்சை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சமிளகாய் போட்டு கொதிக்க வைக்கிறது, அந்த அரிசித் தண்ணிதான் அதுக்கு கொழகொழப்பான பதமும் ஒரு தனி மணமும் குடுக்குறது. அப்புறம் கத்தரிக்காய் கோசமல்லி, கத்தரிக்காய வேக வச்சு மசிச்சு புளி விட்டு செய்யுறது, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் தொட்டுக்கிட்டா வேற எதுவும் வேணாம். கந்தரப்பம், பால் பணியாரம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம்னு பலகாரம் ஒரு பக்கம். மெனு கார்டுல இல்லாட்டியும் "அண்ணே, இன்னைக்கு மண்டி இருக்கா, கோசமல்லி இருக்கா"ன்னு வாயத் தொறந்து கேளுங்க, நாலு எடத்துல கேட்டா ஒரு எடத்துல இருக்கும், கேக்க கேக்கத்தான் அவங்களும் போட ஆரம்பிப்பாங்க. போன தடவ அந்த அக்கா கோசமல்லிய மூணாவது தடவ வாங்குனப்ப லக்னோ பையன் அவன் காடைய விட்டுட்டு அதுல கை வச்சான்.

அந்த பதினோரு பேருக்கு நான் சொன்னது இதுதான்: அசைவ மீல்ஸ் அஞ்சு, சைவ மீல்ஸ் ஒண்ணு, மத்தவங்களுக்கு இடியாப்பமும் கல்தோசையும், நடுவுல எல்லாருக்கும் பொதுவா மிளகு கோழி வறுவல் ரெண்டு, மட்டன் சுக்கா ரெண்டு, கோலா உருண்டை ரெண்டு ப்ளேட், ஒரு நண்டு மசாலா. போதுமான்னு கேட்டாங்க, எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தாங்க.

வீட்டாளுங்களோட போறது வேற மாதிரி. பல்லு போன பெரியவங்களுக்கு சுக்கா மெல்ல முடியாது, அவங்களுக்கு இடியாப்பத்துல தண்ணிக்குழம்ப ஊத்தி ஊற விட்டு குடுங்க, சுறாப்புட்டு இருந்தா அதுவும் மெதுவா பஞ்சு மாதிரி இருக்கும். புள்ளைங்களுக்கு தனியா நூடுல்ஸ் வாங்குற பழக்கம் இருக்குல்ல, ஒரு தடவ இடியாப்பத்துல தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு குடுத்து பாருங்க. போற நேரம் ரொம்ப முக்கியம், ஞாயித்துக்கிழமைன்னா பன்னெண்டேகால் மணிக்கு உள்ள இருக்கணும், குழம்பும் அடி தட்டாம இருக்கும், அப்பத்தாவ வெளிய சேர் போட்டு உக்கார வைக்கவும் வேணாம்.

சின்ன மெஸ்ஸுன்னா இன்னொரு விஷயம், இலை போட்டதும் ஒரு பெரிய தட்டுல சைட் டிஷ் எல்லாம் குட்டி குட்டி கிண்ணத்துல வச்சு தூக்கிட்டு வருவாங்க, பாத்ததும் கை தானா நீளும். ஒவ்வொண்ணுக்கும் தனி காசு, அதனால எடுக்குறதுக்கு முன்னாடி விலைய கேட்டுக்கோங்க, கேக்குறதுல ஒரு கூச்சமும் வேணாம், அவங்களும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

பில்லு பத்தி சுருக்கமா. சாதாரண ஹோட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி ரூமுன்னாலும் அதேதான், ரெண்டையும் ஒண்ணாக்கி 2017 நவம்பர்லயே மாத்திட்டாங்க. சர்வீஸ் சார்ஜுங்குறது வேற, அது வரி இல்ல, ஹோட்டல்காரங்க போடுறது. அத பில்லுல தானா சேக்கக்கூடாதுன்னு 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான்னு சொல்லிடுச்சு. போட்டிருந்தா எடுக்க சொல்லுங்க, எடுக்கலன்னா 1915க்கு போன் பண்ணலாம். ஆபீஸ் கூட்டத்துல காசு பிரிக்கிறப்ப, சைவம் சாப்பிட்டவங்க தலையில நண்டு காச கட்டாதீங்க, ஜிபே பண்ண சொல்றதுக்கு முன்னாடி சைவ கணக்க தனியா எடுத்து வச்சிருங்க, வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, ஆனா அடுத்த தடவ "எனக்கு வேலை இருக்கு"ன்னு வரமாட்டாங்க.

[காட்சி: காரைக்குடி கடைத்தெரு, மெஸ் வாசல்ல எழுதி வச்ச பலகை]

இன்னொண்ணு சொல்லணும், இது கேட்டப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. தமிழ்நாடு முழுக்க பாக்குறோமே முனியாண்டி விலாஸ், அந்த ஆளுங்க சொந்த ஊரு மதுரை பக்கம் வடக்கம்பட்டி, வருஷா வருஷம் ஜனவரியில அங்க முனியாண்டி கோயில்ல பிரியாணிய பிரசாதமா போடுவாங்க. ஆனா மொதல் கடைய 1930கள்ல திறந்தது இங்க காரைக்குடியிலதான். அதுக்கப்புறம் சென்னையில பொன்னுசாமி, 1964ல அஞ்சப்பர்னு ஹோட்டலுங்க வந்து, இன்னைக்கு சிங்கப்பூர் துபாய் வரைக்கும் செட்டிநாடுன்னு போர்டு நிக்குது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பண்ணப் போன எடத்துல இருந்து சாப்பாட கொண்டு வந்த ஊரு இது, பர்மாவுல இருந்து கவுனிங்குற கருப்பு அரிசி வந்தது அப்படித்தான். இன்னைக்கு திரும்ப சாப்பாடே வெளிய போகுது.

அதனால ஒரு தடவையாவது டீமையோ வீட்டாளுங்களையோ கூட்டிக்கிட்டு இங்கயே வாங்க. வந்தா திடுதிப்புனு போய் நிக்காதீங்க, பெரிய வீட்டு சாப்பாடு போடுற எடங்கள்ல எல்லாம் முன்கூட்டியே எத்தன பேருன்னு சொல்லி வைக்கணும், அதுக்கு தகுந்தாப்புலதான் அரைப்பாங்க. கவுனி அரிசி வேணும்னா முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க. அது ராத்திரி முழுக்க ஊறணும், காலையில ரொம்ப நேரம் வேகணும், அப்புறம் சீனியும் தேங்காப்பூவும் நெய்யும் போட்டு கிண்டி கருஞ்செவப்பா உங்க இலையோட ஓரத்துல ஒரு கரண்டி வைப்பாங்க.