முகவரியின் வாலில் ஒரு மொழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் இணையதள முகவரியைச் சொல்லும்போது கடைசியில் டாட் காம் என்றோ டாட் இன் என்றோ முடிக்கிறோம். அந்த வாலை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அதில் தங்கள் மொழியின் பெயர் வர வேண்டும் என்று முயன்று வாங்கிய மக்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இரண்டெழுத்து வால்கள் பெரும்பாலும் நாடுகளுக்கு உரியவை. இந்தியாவுக்கு ஐ.என்., இலங்கைக்கு எல்.கே. இவற்றை ஐ.எஸ்.ஓ. 3166 என்ற சர்வதேச நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தொடக்க காலத்தில் முகவரிகளைப் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்வது நம் வேலையில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1994-ல் அதை எழுத்திலேயே வைத்தார். நல்ல முடிவுதான், நாடுகளின் சண்டைக்குள் இணையம் போகாமல் தப்பியது. ஆனால் தனக்கென்று நாடு இல்லாத மொழி எங்கே போகும்?

கட்டலான் அப்படிப்பட்ட மொழி. ஸ்பெயினில் பேசுகிறார்கள், தெற்கு பிரான்சில் பேசுகிறார்கள், இத்தாலியின் சார்டீனியா தீவில் ஓர் ஊரில் பேசுகிறார்கள். அந்தோரா என்ற குட்டி நாட்டில் மட்டும் அதுவே ஆட்சிமொழி. ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அந்த மொழிக்கு இடமே இல்லை. அந்த அனுபவம் உள்ளவர்கள்தான் இணையத்தில் ஓர் இடம் கேட்டார்கள். நாட்டுக்காகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று கேட்டார்கள். முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2005-ல் ஒப்புதல் கொடுத்தது. டாட் கேட் பிறந்தது. ஒரு மொழிச் சமூகத்துக்கென்று வந்த முதல் வால் அது.

ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்துக்குப் பூனை என்று பொருள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டிருந்தால் பூனைப் படங்களே அதை நிறைத்திருக்கும். கட்டலான் மொழியிலோ அந்தப் பண்பாட்டுக்காகவோ பயன்படுத்துபவர்களுக்குத்தான் என்று விதி வைத்தார்கள். அவர்கள் செய்ததிலேயே பெரிய காரியம் இந்த விதிதான் என்பேன். பசிபிக் தீவு நாடான துவாலுவின் டாட் டிவியை நினைத்துப் பாருங்கள். வெளியார் அதை வாங்குவதால் அந்த நாட்டுக்கு வருமானம் வருகிறது, சரி. ஆனால் அந்த வாலைப் பார்த்தால் எத்தனை பேருக்குத் துவாலு நினைவுக்கு வருகிறது?

வாலுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது 2017 செப்டம்பரில் தெரிந்தது. ஸ்பெயினில் கட்டலான் பேசும் பகுதியான கட்டலோனியாவின் சுதந்திர வாக்கெடுப்பு தொடர்பான தளங்களை முடக்கச் சொல்லி நீதிமன்ற ஆணை வந்தது. டாட் கேட்டை நடத்தும் அறக்கட்டளையின் அலுவலகத்தில் காவல் படையினர் புகுந்து சோதனை போட்டார்கள்.

பின்னால் வந்தவர்களுக்கு வழி கொஞ்சம் எளிதானது. பாஸ்க், கலீசிய, பிரெத்தோன் மொழிகளுக்கு 2014-ல் வால்கள் கிடைத்தன. பிரிட்டனின் வேல்ஸ் மக்கள் முதலில் சி, ஒய், எம் என்ற மூன்றெழுத்தைக் கேட்டார்கள். அதே ஐ.எஸ்.ஓ. பட்டியலில் அது கேமன் தீவுகளின் குறியீடு, அதனால் கிடைக்கவில்லை. பிறகு தங்கள் மொழியில் தங்கள் நாட்டுக்குள்ள முழுப் பெயரையே கேட்டு வாங்கினார்கள். டாட் கம்ரி. எனக்கு இதுதான் இன்னும் அழகாகப் படுகிறது.

தோற்றுப்போன கதையும் உண்டு. அமேசான் என்ற வாலை அந்தப் பெயர் கொண்ட நிறுவனம் கேட்டது. ஆறும் காடும் எங்களுடையவை என்று பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் நிறுவனத்துக்கே போனது.

நம் மொழிக்கு வருவோம். தமிழ் எழுத்தில் மூன்று வால்கள் உள்ளன: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். 2010-லும் 2011-லும் வந்தவை. மூன்றுமே நாட்டுப் பெயர்கள். தமிழ் என்ற பெயரில் ஒன்று இல்லை. கேட்டு வாங்கலாம், ஆனால் புது வால்களுக்கு ஐகேன் விண்ணப்பம் வாங்கிய 2012 சுற்றில் கட்டணம் மட்டும் 1,85,000 அமெரிக்க டாலர், 2026 சுற்றுக்கு 2,27,000. இலாப நோக்கில்லாத அமைப்புகளுக்கும் பழங்குடிச் சமூகங்களுக்கும் இந்தச் சுற்றில் கட்டணச் சலுகை அறிவித்தார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. தமிழ் எழுத்திலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரி ஒன்றை ஓர் இணையப் படிவத்தில் கொடுத்தேன். செல்லாத முகவரி என்று திருப்பிவிட்டது. தமிழ் முகவரியை உள்ளுக்குள் ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்ளும் முறை 2003-லிருந்தே இருக்கிறது, மின்னஞ்சலுக்கும் அதன் பிறகு வழி வந்துவிட்டது. வலையுலாவிகள் தமிழ் முகவரியைப் புரிந்துகொள்கின்றன. வால் என்றால் இரண்டு மூன்று ரோமன் எழுத்துதான் என்று நினைத்து எழுதிய பழைய படிவங்கள்தான் மறுக்கின்றன. மென்பொருள் எழுதும் நேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் எழுதிய படிவத்தில் ஒரு தமிழ் முகவரியை இன்றே போட்டுப் பாருங்கள். ஏற்காவிட்டால் திருத்திக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.