41 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

வணக்கம் நேயர்களே. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு திடீரென்று அனலாய்க் கொதிப்பதும், நடுராத்திரியில் வியர்த்து நனைந்து எழுந்து உடை மாற்றுவதும் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதற்கு ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கேட்கும் என்று நான் சொன்னால் போதும், "பக்கவாதம் வந்துவிடும் என்கிறார்களே டாக்டர்?" என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, மற்ற பாதிப்புகளோடு, பக்கவாதமும் 41 சதவீதம் கூடியிருந்தது.

ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "அப்போ நூறு பேர் சாப்பிட்டால் 41 பேருக்கு வாய் கோணிப்போகுமா?" இல்லவே இல்லை. மாத்திரை சாப்பிடாத 10,000 பேரில் ஓராண்டில் 21 பேருக்குப் பக்கவாதம் வந்தது. சாப்பிட்டவர்களில் 29 பேருக்கு. கூடியது 8. கைவேலையாக இருப்பவர்கள் காதிலும் விழட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன்: 10,000 பேரில், ஓராண்டில், 8 பேர். அந்த எட்டுப் பேரும் யாரோ ஒரு வீட்டு அம்மாதான், அதனால்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறோம். இன்னொன்று, அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து இதைவிடக் குறைவு.

சரி, அந்த அம்மாவுக்கு பிரஷர் பார்த்தேன். மேலே 170, கீழே 100. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றால் அவருக்கு ஞாபகமே இல்லை. சாப்பிடாத மாத்திரைக்கு அவ்வளவு பயந்தவர், பக்கவாதத்துக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணத்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார்! முதலில் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், அப்புறம்தான் ஹார்மோன் பேச்சு. அதையும் மாத்திரையாகக் கொடுக்கவில்லை, தோலில் ஒட்டும் பேட்ச்சாகக் கொடுத்தேன். வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைக் கூட்டிவிடுகிறது. தோல்வழி போவதற்கு அந்தச் சுற்று இல்லை. குறைந்த அளவு பேட்ச்சால் பக்கவாதம் கூடியதாக இதுவரை வந்த ஆய்வுகளில் தெரியவில்லை. கருப்பை இருப்பவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டின் வகை ஹார்மோன்) வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதாம், சைகை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம். பக்கவாதத்தைத் தடுப்பதற்காகவும் யாரும் இதைச் சாப்பிட வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். மூளைக்குப் போகும் குழாயை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிளம்பும்போதே இந்த அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.