அம்பாசிடர் என்ஜினுக்கு டைமிங் வைக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினைப் பிரித்து மாட்டும் வேலை பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டும் வண்டி இழுக்கவில்லை என்றால், முதலில் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் பிளக்கில் பொறி வரும் நேரத்தையும், சந்தேகப்படுங்கள்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே ஒன்றாம் பிஸ்டனின் உச்சத்தை, அதாவது அது ஏறி நிற்கும் மிக உயரமான இடத்தை, கண்டுபிடித்துவிடுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. உச்சத்துக்கு அருகே, பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க் சில டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. ஒரு இரும்புப் பட்டையின் நடுவில் போல்ட் ஒன்றை முடுக்கி, பட்டையை ஹெட் ஸ்டட்டுகளில் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கீழேயே பிஸ்டன் அந்த போல்ட்டில் முட்டி நிற்க வேண்டும். கிராங்கை மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, முட்டிய இடத்தில் கிராங்க் முனையிலுள்ள புல்லியில் கோடு போடுங்கள். மறுபக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள சின்ன வளைவின் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சம். புல்லியில் ஏற்கெனவே இருக்கும் வெட்டு அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புல்லி மாற்றிய வண்டியாக இருந்தால் ஒத்துப்போகாமலும் இருக்கும்.

அடுத்தது, கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் செயின். இரண்டு பல்சக்கரத்துப் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரு தண்டுகளின் மையங்களோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். 20 பல் கொண்ட கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கேம் 18 கிராங்க் டிகிரி விலகிவிடும். தொய்ந்த செயினை மறுபடி போடாதீர்கள். தொய்வு கேமைப் பின்தங்க வைக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமிலிருந்து ஓடுவதால் பொறியும் கூடவே தாமதமாகும்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த இடத்தில். கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும். ஆக, ஒன்றாம் பிஸ்டன் மேலே இருப்பது அழுத்தத்திலா, புகை வெளியேறும் முடிவிலா என்று புல்லி சொல்லாது. ஹெட் மாட்டியதும் நான்காம் சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறக்கத் தொடங்கிக்கொண்டும் இருந்தால் ஒன்றாம் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று மாற்றிப் பொருத்தினால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். பிளக் வயர் வரிசை 1-3-4-2. டைமிங்குக்கு முன்பே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளியை 15 தௌவில் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வையுங்கள். பிறகு இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும்.

கையேடு சொல்லும் டிகிரிக்குக் கிராங்கை ஓடும் திசையிலேயே கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் செயின் தொய்வு கணக்கில் சேர்ந்துவிடும். இக்னிஷனைப் போட்டு, பாயின்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுற்றும் பக்கம் திருப்பினால் பல்ப் அணையும். பிறகு எதிர்ப்பக்கமாகத் துளித்துளியாகத் திருப்பி, பல்ப் எரியும் நொடியில் கிளாம்பை இறுக்குங்கள்.

பொறி முந்தினால் ஏற்றத்தில் தட்டும், ஸ்டார்ட்டரை உதைக்கும். பிந்தினால் என்ஜின் சூடாகும், இழுப்பு குறையும். புது பாயின்ட்டின் ஹீல் (டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி குறைந்து பொறி பிந்திக்கொண்டே போகும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியையும் டைமிங்கையும் மறுபடி பாருங்கள்.